பாய்மரத்துக்கு ஸ்க்ரூவா ரிவெட்டா? காசல்ரீ டேம் ஓரத்துல ஒரு ரிப்பேர்

பாய்ப்படகோட கிக்கர் பிட்டிங் (பூம்ங்கிற, பாயோட அடிக் கட்டைய மேல எழும்பாம இழுத்துப் புடிக்கிற கயிறு மாட்டுற தகடு) ஒருவழியா ஆடாம நின்னுருச்சு. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராச அந்தக் கயித்துல மாட்டி, 25 கிலோ காட்டுற வரைக்கும் இழுத்துப் புடிச்சுப் பாத்தாச்சு, ஒரு ரிவெட் கூட அசையல, தகட்டு ஓரத்துல தலமுடி அளவு இடைவெளி கூட வரல. இந்த ஏரியாவுல பாய்ப்படகு வச்சிருக்கிறவங்க ரொம்பக் கம்மி, ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்க அதவிடக் கம்மி, எந்த ஆணி எந்த எடத்துக்குன்னு கேட்டாலும் நீர்கொழும்புக்குப் போ கொழும்புக்குப் போன்னு தான் சொல்லுவாங்க. அதனால என்ன டூல்ஸ், என்ன ரிவெட், ஏன் அதுன்னு ஞாபகம் இருக்கிறப்பவே எழுதி வச்சிடுறேன்.

படகு ஒரு பழைய ஜிபி 14. ஜேக் ஹோல்ட் 1949ல டிசைன் பண்ணின 14 அடி படகு, பாய்ல மணி சின்னம் இருக்கும். டேம் ஓரத்து பங்களா ஒண்ணுல கொட்டகைக்குள்ள ரொம்ப காலமா சும்மா கெடந்துச்சு. இலங்கை மலைநாட்டுல கெஹெல்கமு ஓயாங்கிற ஆத்த மறிச்சு 1965ல கட்டி முடிச்ச காசல்ரீ டேம் இது, சுத்தி முழுக்க தேயிலை மலை. அதனால இங்க காத்து ஒரே சீரா வராது. மலை இடுக்கு வழியா வந்து திடீர்னு அடிக்கும், அடுத்த நிமிஷம் செத்துரும், திரும்ப வேற பக்கத்துல இருந்து அடிக்கும். தென்மேற்கு மழைக் காலத்துல, மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும், இது இன்னும் மோசம். கடல்ல ஓடுற படகுக்கு உப்பு தான் எதிரி, நம்ம டேம்ல இந்தத் திடீர் அடி தான் எதிரின்னு நெனைக்கிறேன். பூம் ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் பட்டுனு வீசுறப்ப அந்த அடி முழுக்க போய் விழுறது ரெண்டே எடத்துல. ஒண்ணு பூமையும் பாய்மரத்தையும் சேக்குற கூஸ்நெக். இன்னொண்ணு பூம் மேல எழும்பாம கீழ இழுத்துப் புடிக்கிற கிக்கர் கயிறு மாட்டுற தகடு. ரெண்டும் ஆடிட்டு இருந்துச்சு.

பாய்மரம் அலுமினியம். 6 மீட்டருக்கு மேல நீளம், அதனால நோர்வூட்ல இருக்கிற பட்டறைக்குத் தூக்கிட்டு வர முடியாது, வேலை முழுக்க தண்ணி ஓரத்துலயே தான். ரெண்டு எண்ணெய் பெரல், மேல கொழுந்து சாக்க மடிச்சுப் போட்டு மரத்தப் படுக்க வச்சோம். அந்தச் சாக்கு ரொம்ப நல்லா உதவுச்சு, மரம் உருளாது, கீறலும் விழாது. தூறல் எப்ப வரும்னே தெரியாத எடத்துல கரண்ட் வயர் இழுத்து ட்ரில் போட வேணாம், கோட்லெஸ் எடுத்துட்டுப் போங்க, பெட்டரி ரெண்டு இருக்கணும். அட்டைக்குக் கால்ல சவர்க்காரம் தேச்சுக்கிறது நல்லது.

முதல்ல பழசக் கழட்டுறது. கூஸ்நெக் தகடு ஸ்டெயின்லெஸ், அத மரத்துல புடிச்சிருந்தது எம்5, அதாவது 5 மிமீ விட்ட, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவுல எந்தப் பூச்சும் இல்ல. ஸ்க்ரூ தலையச் சுத்தி சுண்ணாம்பு மாதிரி வெள்ளப் பொடி. அலுமினியம் அரிச்சு வர்ற பொடி தான் அது. பொடியாகுறப்ப உப்பிப் பெருசாகுறதால ஸ்க்ரூவ இன்னும் இறுக்கிப் புடிச்சிக்கும். கிக்கர் தகட்டுல இதவிட மோசம். யாரோ கூரைத் தகடு அடிக்கிற செல்ப் ட்ரில்லிங் ஸ்க்ரூவ அடிச்சு விட்டிருக்காங்க, அது துருப்புடிச்சு தலை கையோட வந்துருச்சு. ஒரு எடத்துல பித்தள ஸ்க்ரூ வேற. அலுமினியத்துக்குப் பக்கத்துல பித்தள, செம்பு எதுவும் வரவே கூடாது, ஈரம் பட்டா அலுமினியம் தான் கரையும். அந்தப் பித்தள ஸ்க்ரூ இருந்த ஓட்ட பக்கத்து ஓட்டைய விட ஒண்ணரை மடங்கு பெருசாகியிருந்துச்சு.

ஸ்க்ரூ கழட்ட இம்பெக்ட் ட்ரைவர வச்சு சுத்தியல்ல அடிக்கலாம்னு கூட வந்த பெக்டரி பிட்டர் மாமா சொன்னார். "வேணாம் மாமா, உள்ள வெறும் கொழாய், நெளிஞ்சிரும்"னு சொன்னதும் அவரே தட்டிப் பாத்துட்டு "ஆமாடா தம்பி, தகரம் மாதிரி இருக்கு"ன்னாரு. பெக்டரில ரோலர் மெஷின்ல ஸ்க்ரூ கழட்டுறதும் இதுவும் ஒண்ணு இல்ல. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ராத்திரி ஊற விட்டு, அடுத்து ஹொட் எயார் கன்னால சூடு காட்டினோம். 1 மீட்டர் அலுமினியம் 100 டிகிரி சூடேறினா 2.3 மிமீ நீளும், ஸ்டெயின்லெஸ் 1.7 தான் நீளும். அந்த வித்தியாசத்துல புடி கொஞ்சம் தளரும். கேஸ் டோர்ச் வேணாம், பாய்மர அலுமினியம் சூட்டுப் பதம் குடுத்து கடினமாக்கினது, 200 டிகிரியெல்லாம் தாண்டிட்டா அந்தப் பதம் போக ஆரம்பிச்சிரும், பாக்க அப்படியே இருக்கும், ஆனா மெதுசாகியிருக்கும். தண்ணி ஒரு சொட்டு விட்டா சுர்ருனு ஆவியாகணும், அவ்வளவு சூடு போதும்.

சிலது சுத்திட்டு வந்துருச்சு. மத்ததுக்கெல்லாம் தலை வழுக்கிருச்சு. அப்புறம் 5.5 பிட் வச்சு தலைய மட்டும் ட்ரில் பண்ணி எடுத்து, தகட்டத் தூக்கிட்டு, வெளிய நிக்கிற தண்ட வைஸ்கிரிப்ல புடிச்சு, திரும்ப சூடு காட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு ஆட்டி ஆட்டி எடுத்தோம். முதல்லயே ஸ்க்ரூவுக்கு நடுவுல ட்ரில் போட்டு ஈசி அவுட் (எதிர்ப் பக்கமா சுத்தி ஸ்க்ரூவ வெளிய எடுக்கிற டூல்) விடுற வழி இந்த மாதிரி எடத்துக்கு சரி வராது. ஸ்டெயின்லெஸ் கடினம், அலுமினியம் மெதுசு, பிட் எப்பவும் மெதுசான பக்கம் சரிஞ்சு போயிரும், ஓட்ட முட்டை வடிவத்துல வந்து நிக்கும். தலைய எடுத்து தண்டப் புடிக்கிறது தான் சுத்தமான வழி.

கீழ்ப்பக்க அடைப்பக் கழட்டி வெர்னியர்ல மரத்தோட சுவர் கனத்த அளந்தேன், 1.8 மிமீ. இந்த ஒரு அளவு தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. எம்5 மறை ஒரு சுத்துக்கு 0.8 மிமீ. அப்ப 1.8 மிமீ சுவர்ல புடிக்கிறது ரெண்டு மறையும் கொஞ்சமும். அலுமினியத்துல ஸ்க்ரூ முழு பலத்தோட நிக்கணும்னா விட்டத்தப் போல ஒண்ணரைல இருந்து ரெண்டு மடங்கு ஆழம் மறை வேணும், அதாவது எம்5க்கு 7.5ல இருந்து 10 மிமீ. இங்க அதுல கால்வாசி தான் இருக்கு. புதுசா 4.2 ட்ரில் போட்டு டெப்பால மறை வெட்டி, அழகா ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டா பாக்க நல்லா இருக்கும், ரெண்டு காத்து அடிச்சா மறை உருவிட்டு வந்துரும். பழைய ஓட்டையெல்லாம் அப்படி உருவினது தான். லேசான க்ளீட், கயிறு கைடு மாதிரி எப்பவாவது கழட்டி மாட்டுற சாமானுக்கு ஸ்க்ரூ பரவால்ல. பாரம் தாங்குற எடத்துக்கு மெல்லிசு சுவர்ல ரிவெட் தான்.

ரிவெட் மாதிரி அடிச்சு விட்டா உள்ள மறை கெடைக்கிற ரிவ்நட் போடலாமேன்னு கேப்பீங்க. எம்5 ரிவ்நட்டுக்கு 7 மிமீ ஓட்ட வேணும், மரத்துல அவ்வளவு பெரிய ஓட்ட வரிசையா போட எனக்கு மனசு இல்ல. டிக் வெல்டிங் பண்ணலாம்னும் டவுன்ல ஒருத்தர் சொன்னார், நல்ல வேலைக்காரர் தான், ஆனா 6061 டி6 மாதிரி பதம் குடுத்த அலுமினியத்துல வெல்டிங் பண்ணினா பக்கத்துல இருக்கிற உலோகம் பதம் எறங்கி பாதி அளவுக்குப் பலம் போயிரும். வளையிற பாரம் அதிகமா வர்ற கூஸ்நெக் எடத்துலயே அத செய்யக் கூடாது.

இப்ப ரிவெட் எது. ஹட்டன்ல எந்த ஹார்ட்வெயார்லயும் கெடைக்கிறது அலுமினிய பொப் ரிவெட், உள்ள இரும்பு ஊசி, கன்னால அந்த ஊசிய இழுத்தா ரிவெட் உள்பக்கம் விரிஞ்சு புடிச்சிக்கும். ஜன்னல் பிரேம், நம்பர் ப்ளேட், லொறி பாடிக்கெல்லாம் அடிக்கிறது. கொழும்புல தேடினா ஸ்டெயின்லெஸ் ரிவெட் கெடைக்கும். பாய்மரம் செய்றவங்க பாரம் வர்ற எடத்துல போடுறது மோனல். நிக்கலும் செம்பும் கலந்த உலோகம், அதே 4.8 சைஸ்ல அலுமினிய ரிவெட்ட விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வெட்டு பலம், அதாவது தகடு பக்கவாட்டுல நழுவி ரிவெட்ட குறுக்க அறுக்கப் பாக்குற பாரத்தத் தாங்குற பலம். அடிக்கிறப்ப ஸ்டெயின்லெஸ் மாதிரி முரண்டு புடிக்காது, உள்ள நல்லா விரிஞ்சு உக்காரும்.

செம்பு கூடாதுன்னு மேல சொல்லிட்டு செம்பு கலந்த மோனல் மட்டும் எப்படின்னு ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்துச்சு. விஷயம் பரப்பளவுல இருக்கு. ரெண்டு உலோகம் ஈரத்துல சேந்தா, அதுல மட்டமானது கரையும். கரையிற உலோகம் பெருசாவும் மத்தது சின்னதாவும் இருந்தா அரிப்பு பெரிய எடத்துல பரவிப் போயிரும், ஒண்ணும் தெரியாது. பெரிய அலுமினிய மரத்துல சின்ன மோனல் ரிவெட், நடுவுல தடுப்புப் பூச்சு, அது தாங்கும். இத அப்படியே திருப்பிப் போட்டா ஆபத்து: பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டப் புடிக்க சின்ன அலுமினிய ரிவெட். அங்க அரிப்பு முழுக்க அந்தச் சின்ன ரிவெட் மேலயே விழும், தலை மட்டும் நிக்கும் உள்ள தண்டு இருக்காது. பித்தள ஸ்க்ரூவ நான் வேணாங்கிறது ஏன்னா, அதுக்குப் பலமும் இல்ல, பூச்சு இல்லாம வெறுமனே வேற அடிச்சிருந்தாங்க.

ஓட்ட அளவு. 4.8 ரிவெட்டுக்கு 4.9 ஓட்ட. இங்க கடையில கேட்டா 3/16 இஞ்சி பிட் இல்லன்னா 5 மிமீ பிட் தான் எடுத்துத் தருவாங்க. 3/16ன்னா 4.76 மிமீ, ரிவெட் உள்ள போகாது, போனாலும் தட்டித் தான் போகும். 5 மிமீ கொஞ்சம் லூஸ், ஜன்னலுக்குப் பரவால்ல, ஆடி ஆடி அடி வாங்குற எடத்துல அந்த லூஸ் நாளாக நாளாக ஓட்டைய நீளமாக்கும். கொழும்பு பழைய சோனகத் தெருவுல 4.9 கொபால்ட் பிட் இருந்துச்சு, ரெண்டு வாங்கினேன், கூடவே முதல்ல சின்ன ஓட்ட (பைலட்) போட 3.2. ஸ்டெயின்லெஸ் தகட்டுல போடுறப்ப நிமிஷத்துக்கு 600 சுத்துக்கு மேல போகக் கூடாது, நல்லா அழுத்திப் புடிக்கணும், பிட் அறுக்காம உரசினா அந்த எடம் கடினமாயிரும், அப்புறம் புது பிட் போட்டாலும் எறங்காது. அலுமினியத்துல கோட்லெஸ்ஸோட முழு வேகம் 1500 வச்சே போடலாம், மண்ணெண்ண ஒரு சொட்டு விட்டா பிட்ல ஒட்டாது. அரம் போடுறப்ப பள்ளிக்கூட சோக்குக்கட்டிய அரத்துல தேச்சுக்குங்க, அலுமினியத் தூள் பல்லுக்குள்ள அடைக்காது. ஸ்டீல் வூல் மட்டும் வேணாம், இரும்புத் துணுக்கு அலுமினியத்துல பதிஞ்சு அங்கங்க துரு புள்ளி போட்டிரும், பச்ச ஸ்கொட்ச் ப்ரைட் போதும்.

ரிவெட் கன்னும் அதே அளவுக்கு முக்கியம். ஒத்தக் கையால அமுக்குற சின்ன கன் 4.8 அலுமினிய ரிவெட்ட இழுக்கும், மோனல இழுக்காது. இழுத்தாலும் பாதில நிக்கும், கை நடுங்கும், கன் சாயும், ரிவெட் தலை தகட்டுல ஒட்டாம உக்காரும். கத்திரி மாதிரி மடிஞ்சு விரியிற அக்கோடியன் டைப், இல்லன்னா ரெண்டு நீளக் கைப்புடி இருக்கிறது வேணும். நான் வாங்கினது ரெண்டு கைப்புடி, 6,800 ரூபா. ரிப்பேர்ல பெரிய செலவு இது தான், ஆனா இது இல்லாம மோனல் வாங்குறதுல அர்த்தமே இல்ல.

கூஸ்நெக்குக்கு முதல்ல மோனல் போட்டாச்சு, பழைய தகட்டையே 40 மிமீ மேல ஏத்தி புது ஓட்ட போட்டு. பூம் மரத்த முன்னாடி தள்ளுது, பக்கவாட்டுல முறுக்குது, அது பெரும்பாலும் வெட்டு பாரம் தான், ரிவெட்டுக்குப் புடிச்ச பாரம். ஓட்டையெல்லாம் ஒரே மட்டத்துல மரத்தச் சுத்தி வரக் கூடாது, தபால் முத்திரைத் தாள் கிழியிற கோடு மாதிரி ஆயிரும், அதனால மேல கீழ மாத்தி மாத்தி. ஒரு ஓட்டைல இருந்து அடுத்ததுக்கு குறைஞ்சது விட்டத்தப் போல மூணு மடங்கு, தகட்டு ஓரத்துல இருந்து ரெண்டு மடங்கு.

கிக்கர் தகட்டுக்கு மோனல் மிச்சம் இல்ல, கைல இருந்தது அலுமினிய ரிவெட். அந்தத் தகடு மரத்தோட பின்பக்கத்துல தட்டையா உக்காருற வகை. நாலு ரிவெட் போட்டு பாய் ஏத்தினாங்க, ஒரு காத்து வந்துச்சு, பூம் வீசுச்சு, தகடு உரிஞ்சு வந்துருச்சு. பாத்தா ரிவெட் ஒண்ணும் வெட்டுப் படல. உள்பக்கம் விரிஞ்ச பகுதி ஓட்டை வழியா அப்படியே உருவி வெளிய வந்திருக்கு. மோனல் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும், ஆனா கத அதே தான். ஏன்னா கிக்கர் கயிறு மரத்தடில இருந்து பூமுக்குக் கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வுல போகுது. இழுவைல ஒரு பங்கு மேல, இன்னொரு பங்கு நேரா பின்னாடி. பின்னாடி இழுக்குறது ரிவெட்ட அதோட நீளத்துல பிடுங்குற பாரம். பொப் ரிவெட் வெட்டு பாரத்துக்குத் தான் செய்யப்பட்டது, பிடுங்குற பாரத்துக்கு இல்ல. இங்க ரிவெட்ட மாத்துறத விட தகட்டோட வடிவத்த மாத்தணும்.

அதுக்கு யு வடிவத்துல ஒரு பட்டி செஞ்சோம். பின்பக்கத்துல கயிறு மாட்டுற வளையம், ரெண்டு பக்கமும் ரெண்டு கால் மரத்தக் கட்டிப் புடிச்சாப்ல முன்னாடி போகுது, ரிவெட் எல்லாம் பக்கவாட்டுல. இப்ப கயிறு எந்தப் பக்கம் இழுத்தாலும், மேலயோ பின்னாடியோ, ரிவெட்டுக்கு அது வெட்டு பாரமா தான் வந்து சேரும். 304 ஸ்டெயின்லெஸ், 2 மிமீ கனம், 40 மிமீ அகலம், மாமா பெக்டரி ஸ்டோர்ல கேட்டு வாங்கின வெட்டுத் துண்டு. உப்புத் தண்ணின்னா 316 தேடியிருப்பேன், டேம் தண்ணிக்கு 304 தாராளம், 316க்குன்னு கூடுதலாக் காசு குடுக்க வேணாம். கடையில போல்ட் வாங்குறப்ப தலைல ஏ2ன்னு இருந்தா 304 வகை, ஏ4ன்னு இருந்தா 316 வகை. எழுத்தே இல்லாம மினுமினுன்னு இருந்தா காந்தம் வச்சுப் பாருங்க, சட்டுனு இழுத்தா அது ஸின்க் பூசின இரும்பு.

வளைக்கிறதுக்கு மரத்தோட வடிவத்துல ஒரு கட்டை வேணும். வெறகுக்கு வெட்டிப் போட்டிருந்த கிரவீலியா துண்டு ஒண்ண எடுத்து, மரத்த மேல வச்சு பென்சில்ல கோடு போட்டு, அதவிட ரெண்டு மிமீ சின்னதா செதுக்கினோம். ஸ்டெயின்லெஸ் வளைச்சு விட்டதும் கொஞ்சம் திரும்பி விரியும், அதுக்குத் தான் அந்த ரெண்டு மிமீ. வைஸ்ல கட்டையோட சேத்துப் புடிச்சு ரப்பர் சுத்தியல்ல மெல்ல மெல்லத் தட்டி எறக்கினா சுருக்கம் இல்லாம உக்காருது. கட்டைய எடுத்துட்டு மரத்துல மாட்டிப் பாத்தப்ப கைய விட்டாலும் விழாம தானா கவ்விட்டு நின்னுச்சு, அத பாத்தப்பவே இது நிக்கும்னு தெரிஞ்சுருச்சு.

நடுவுல தடுப்பு. பாய்மரக் கடைல பேரியம் க்ரோமேட் பேஸ்ட் விப்பாங்க, இங்க அது கெடைக்காது. வண்டி பெயின்ட் கடைல ஸின்க் க்ரோமேட் ப்ரைமர் இருக்கு, அத அலுமினியத்துல பூசினோம். க்ரோமேட் விஷம், புற்றுநோய் வர வைக்கிற சாமான், கையுறை போடாம தொட வேணாம், காஞ்சத உப்புத் தாள் போட்டுத் தேய்க்கவும் வேணாம். அதுக்கு மேல ஸ்டெயின்லெஸ் படாம ஒரு ப்ளாஸ்டிக் தாள். எண்ணெய் கேன வெட்டி வச்சுப் பாத்தேன், அது 1 மிமீ கனம், ரிவெட் இறுகுறப்ப நசுங்கி ஓரம் பிதுங்குது, நாள் போனா இன்னும் நசுங்கி ரிவெட் தளரும். டவுன்ல கொமியூனிகேஷன் கடைல லெமினேட் பண்ற வெறும் தாள உள்ள ஒண்ணும் வைக்காம மெஷின்ல விட்டுத் தரச் சொன்னேன். 125 மைக்ரோன் தாள் ரெண்டு சேந்தா கால் மிமீ. கடைத் தம்பிக்கு ஒண்ணும் புரியல, "வெறும் தாள எதுக்கண்ணே"ன்னு ரெண்டு தடவ கேட்டான். கத்தரிக்கோலால வெட்ட முடியும், நசுங்காது, தண்ணி ஊறாது. 50 ரூபா வேலை, இதுல எனக்கு ரொம்பத் திருப்தி.

ரிவெட் நீளம் பாக்குறது எப்படின்னா, பட்டி 2, தாள் 0.25, சுவர் 1.8, மொத்தம் 4 மிமீ சொச்சம், அதோட விட்டத்துல ஒண்ணரை மடங்கு 7.2, கூட்டினா 11.3 கிட்ட வருது, அப்ப 12 மிமீ ரிவெட். ரொம்ப நீளமானது வாங்கினா உள்ள சரியா விரியாம சுருண்டுக்கும். மோனல் திரும்பவும் கொழும்புல படகு வேலை செய்ற ஒருத்தர்கிட்ட ஒண்ணு 120 ரூபான்னு வாங்கினேன். ஒரு காலுக்கு நாலு, மொத்தம் எட்டு.

எல்லா ஓட்டையையும் ஒரே தடவைல போட்டுட வேணாம். ஒண்ணு போட்டு, அதுல ஒரு ஊசி சொருகி, எதிர்ப் பக்கம் மூலைக்கு மூலை அடுத்தது, அதுலயும் ஊசி, அப்புறம் தான் மத்தது. இப்படிப் போனா பட்டி நகராது. எல்லாம் போட்டதும் பட்டியக் கழட்டி, ஓட்டை ஓரத்துல நிக்கிற பிசிற பெரிய பிட்ட கையால சுத்தி எடுத்து, உள்ள விழுந்த அலுமினியச் சுருளையெல்லாம் மரத்தச் சாச்சு ஆட்டி வெளிய எடுக்கணும். அது உள்ள கெடந்தா ஈரத்தப் புடிச்சு வச்சுக்கும், உள்ள ஓடுற கயித்தையும் அறுக்கும். அப்புறம் ரிவெட்ட ஒவ்வொண்ணா ப்ரைமர்ல முக்கி, ஈரமா இருக்கிறப்பவே உள்ள விட்டு, கன் மூக்க தகட்டோட நேரா அழுத்தி, ஒரே மூச்சா இழுக்கணும். ஊசி முறியிறப்ப டக்குனு ஒரு சத்தம், உள்ளங்கைல ஒரு உதறல். அந்த உதறல் கெட்டியா வந்தா ரிவெட் நல்லா உக்காந்துச்சுன்னு அர்த்தம், மொணங்கிட்டு வந்தா ட்ரில் பண்ணி எடுத்துட்டு வேற போடணும். நடுவுல மிச்சம் நிக்கிற ஊசித் துண்டு இரும்பா இருந்தா 2.5 பின் பஞ்ச் வச்சுத் தட்டி வெளிய தள்ளிருங்க, அந்த ஓட்டைய சிலிக்கன் வச்சு அடைக்கலாம். சிலிக்கன் வாங்குறப்ப வினாகிரி வாடை அடிக்கிறது வேணாம், அந்த ஆசிட் அலுமினியத்த அரிக்கும், ந்யூட்ரல்னு போட்டிருக்கிறத கேட்டு வாங்குங்க.

மேல வயர் மாட்டுற எடத்துல ஒரு 6 மிமீ போல்ட் மரத்துக்குக் குறுக்க போகுது, அதையும் இதோட மாத்தினோம். கடைல "புல் த்ரெட்டா ஹாப் த்ரெட்டா"ன்னு கேப்பாங்க. ஹாப் த்ரெட் தான். மெல்லிசு சுவர் மேல மறை படக் கூடாது, அது அரம் மாதிரி சுவர அறுத்துட்டே இருக்கும், மறை இல்லாத மொழு மொழு தண்டு தான் சுவர் மேல ஒக்காரணும். அதனால தேவைய விட நீளமான போல்ட் வாங்கி, முனைல மிச்சமான மறைய ஹேக்சோல வெட்டிட்டோம். நட்ட இறுக்குனா கொழாய் நசுங்காம இருக்க உள்ள ஒரு அலுமினிய ட்யூப் துண்டு, மரத்தோட உள் அகலத்துக்குச் சரியா வெட்டினது. நட்டு தானா தளராத நைலொக் வகை. ஸ்டெயின்லெஸ்ல ஸ்டெயின்லெஸ் காஞ்சபடி வேகமா சுத்தினா நடுவழில இறுகிப் புடிச்சிக்கும், அப்புறம் வெட்டித் தான் எடுக்கணும், க்ரீஸ் தடவி ஸ்பேனரால மெதுவா சுத்துங்க, ட்ரில்ல மாட்டி சுத்த வேணாம்.

சோதனைக்கு வெளிய எதுவும் வாங்கல. மலையில கொழுந்து நிறுக்குற கொக்கித் தராச கேட்டு வாங்கி, கிக்கர் கயித்தோட நுனில மாட்டி இழுத்தோம். கிக்கர் நாலுக்கு ஒண்ணு ப்ளொக், அதாவது கப்பி வழியா இழுவை நாலு மடங்காகும், நுனில 25 கிலோன்னா தகட்டுல 100 கிலோ வரணும், உரசல் போனாலும் 80க்கு மேல வரும். பூம் நுனில ஒரு பையன தொங்கவும் விட்டோம். ரிவெட் தலையச் சுத்தி பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தேன், கோடு வெலகல. அதுக்கப்புறம் பாய் ஏத்தி நல்ல காத்துலயும் ஓட்டியாச்சு, பூம் ரெண்டு பக்கமும் வீசுச்சு, பட்டி கம்முனு இருக்கு.

செலவு: ரிவெட் கன் 6,800, மோனல் 20க்கு 2,400, கொபால்ட் பிட் ரெண்டு 1,900, 3.2 பிட் 300, ப்ரைமர் 1,450, போல்ட் நட்டு ட்யூப் எல்லாம் சேத்து 900, சிலிக்கன் 1,100, லெமினேட் 50. மொத்தம் 14,900. இதுல கன்னும் பிட்டும் அடுத்த வேலைக்கும் இருக்கும். பஸ் காசு தனி.

அடுத்த தடவ இந்த மாதிரி மரம் வந்தா முதல் வேலையா சுவர் கனத்த அளப்பேன், ரெண்டாவது ஒவ்வொரு பிட்டிங்கையும் கையால இழுத்துப் பாத்து பாரம் எந்தப் பக்கம் போகுதுன்னு சோக்குல அம்பு போடுவேன், பிடுங்குற பக்கம் அம்பு வந்தா தட்டைத் தகட்டப் பத்தி யோசிக்கவே மாட்டேன். மோனலும் 20 பத்தாது, 30ஆ வாங்கணும். ஓட்ட போடுறதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அது மேல பென்சில் கோடு போட்டா பிட் வழுக்காது, கோடும் தெளிவா தெரியும், இத மாமா தான் சொல்லிக் குடுத்தார்.

இப்ப மிச்சம் பூமோட பின் நுனி. அங்க கப்பி வைக்கிற அடைப்புல ரிவெட் ரெண்டு ஆடுது, பழசு அலுமினியம், சுத்தி வெள்ளப் பொடி வேற. அங்க பாரம் முழுக்க நீளவாக்குல வர்ற வெட்டு பாரம், அடைப்பும் அலுமினியமே, அதனால தகட்டோட வடிவத்துல எந்த மாத்தமும் தேவப்படாது, அதே 4.9 ஓட்ட, மோனல் நாலு, ப்ரைமர்ல முக்கிப் போட்டா போதும். மிச்சம் இருக்கிற ரிவெட்டு சரியா அதுக்கு வரும், மழை கொஞ்சம் விட்டதும் போட்டுருவேன்.